எந்த இடைநிலைப்பள்ளி? சுங்கை சிப்புட் பெற்றோர் கேட்டவை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட்டில், தொடக்கப்பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் ஆண்டை முடிக்கப்போகும் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. முதலாம் படிவம் முதல் ஐந்தாம் படிவம் வரை உள்ள இடைநிலைப்பள்ளியில் பல வருஷம் தமிழும் வரலாறும் கற்பித்தவள் என்பதால் வீட்டு வாசலுக்கே வந்து கேட்கிறார்கள். எந்தப் பள்ளியையும் பெயர் சொல்லிப் புகழவோ தாழ்த்தவோ போவதில்லை. எதைப் பார்த்து எடைபோடுவது என்று மட்டும் சொல்கிறேன்.

டீச்சர், ஒரு பள்ளி வாசலில் எஸ்.பி.எம். என்கிற ஐந்தாம் படிவ அரசுத் தேர்வில் எல்லாம் ஏ எடுத்த பிள்ளைகளின் படத்தோடு பேனர் தொங்குகிறது. இன்னொன்றில் ஒன்றுமே இல்லை. பேனர் உள்ள பள்ளிதானே நல்லது?

பேனரில் எத்தனை முகம் என்று எண்ணிப் பாருங்கள் தம்பி. நாலு, மிஞ்சினால் ஐந்து. அந்த நாலு பேர் எந்தப் பள்ளிக்குப் போயிருந்தாலும் எடுத்திருப்பார்கள். உங்கள் பையன் நடுவாந்திரமாகப் படிக்கிறவன் என்றால், நடுவில் இருக்கிற பிள்ளைகளை அந்தப் பள்ளி என்ன செய்கிறது என்பதுதான் உங்களுக்கு வேண்டும்.

அதற்குப் பள்ளியின் சராசரித் தர எண்ணைக் கேளுங்கள். ஜி.பி.எஸ். என்பார்கள். ஏ பிளஸுக்கு 0, தோல்வியான ஜி-க்கு 9 என்று கணக்கு. ஆக, எண் இறங்கினால்தான் நல்லது. ஒருமுறை ஓர் அப்பா, "போன வருஷத்தைவிட ஏறியிருக்கு டீச்சர்!" என்று முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை; கோப்பி கலக்கிக் கொடுத்துவிட்டு அப்புறம்தான் சொன்னேன். நாட்டின் சராசரி 2022 தேர்வில் 4.74, 2023இல் 4.60, 2024இல் 4.49. பள்ளியின் மூன்று வருஷ எண்ணை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வருஷத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரு நல்ல கூட்டம் வந்தாலே எண் மாறிவிடும்.

இன்னொன்றும் கேளுங்கள். நான்காம் படிவத்தில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் தேர்வு மண்டபத்தில் உட்கார்ந்தார்கள்? பாதியில் நின்றுபோன பிள்ளை சராசரியில் வராது. நம் பிள்ளைகள் காணாமல் போவது பெரும்பாலும் அங்கேதான். மலாயும் வரலாறும் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது என்பதால், அந்த இரண்டு பாடத்தின் தேர்ச்சியைத் தனியாகக் கேட்பதும் நல்லது.

ஈப்போவில் பெயர் பெற்ற பழைய பள்ளிகள் இருக்கின்றனவே. அங்கே போடலாமா?

செயின்ட் மைக்கல் 1912இல் தொடங்கியது, ஆண்டர்சன் 1909. பெயருக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் நாம் கோல கங்சார் மாவட்டக் கல்வி அலுவலகத்தின் கீழ், ஈப்போ கிந்தா மாவட்டத்தில். முதலாம் படிவ இடத்தைக் கல்வி அலுவலகம்தான் ஒதுக்கும். மாவட்டம் தாண்டி மாற அங்கே இடம் காலியாக இருக்க வேண்டும்.

என் கதையைச் சொல்கிறேன். என் மகளை ஆசையாக ஈப்போவுக்கு அனுப்பினேன். விடியற்காலை ஐந்தே காலுக்கு வேன். பசியாறாமலே ஏறுவாள். மதியம் விளையாட்டு, கழகம் போன்ற புறப்பாட நடவடிக்கைக்கு நின்றால் வேன் போய்விடும், நிற்காவிட்டால் புள்ளி போய்விடும். அரசுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் அந்தப் புள்ளிக்கு 10 விழுக்காடு உண்டு. இரண்டாம் படிவத்தில் வகுப்பிலேயே தூங்கினாள் என்று கடிதம் வந்தது. மூன்றாம் படிவத்தில் நம் டவுன் பள்ளிக்கே கொண்டுவந்தேன். பள்ளி மேல் தப்பில்லை, கணக்குப் போடாதது என் தப்பு. நீங்கள் தோட்டத்துக்குள் இருக்கிறீர்கள் என்றால், செம்பனைக் காட்டைத் தாண்டி ரோட்டுக்கு வரும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு முதலாம் படிவத்துக்கு முன்னால் மலாய் கற்கப் புகுமுக வகுப்பு என்கிறார்கள். ஒரு வருஷம் வீண்தானே அக்கா?

வீண் இல்லை தங்கச்சி. ஆறு வருஷம் தமிழில் படித்த பிள்ளை திடீரென்று அறிவியலையும் வரலாற்றையும் மலாயில் படிக்க வேண்டும். மொழி பிடிபடாமல் முதலாம் படிவத்துக்குத் தள்ளினால் ஐந்து வருஷமும் கரும்பலகையை வேடிக்கை பார்க்கும். பதினெட்டில் எஸ்.பி.எம். எழுதினால் என்ன குடிமுழுகிப் போகிறது? ஆனால் அந்த வகுப்பை யார் எடுக்கிறார் என்று விசாரியுங்கள். நிரந்தர மலாய் ஆசிரியர் இருந்தால் நிம்மதி. ஆள் இல்லாத நேரமெல்லாம் வருகிறவர் போகிறவர் பார்த்துக்கொள்ளும் வகுப்பென்றால், அந்த வருஷம் உண்மையிலேயே வீண்.

தமிழ் இல்லை என்கிறது பள்ளி.

பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் வகுப்புக்கு வழியுண்டு; 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது. கையெழுத்துப் போட்டுக் கடிதமாகக் கொடுங்கள், வாயால் கேட்டால் காற்றோடு போகும். பள்ளிக்குப் போகும்போது அறிவிப்புப் பலகையில் உள்ள கால அட்டவணையையும் பாருங்கள். தமிழ் அட்டவணைக்குள் இருக்கிறதா, இல்லை பள்ளி முடிந்த பிறகா? பள்ளி முடிந்த பிறகு என்றால் மறுபடியும் அந்த வேன் பிரச்சினைதான்.

பையனுக்குப் படிப்பு ஏறவில்லை, மோட்டார் பிரிப்பதில் கெட்டிக்காரன்.

நான்காம் படிவத்தில் சேரத் தொழிற்கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம், டிப்ளோமா வரை போகலாம். இதைத் தோற்றவன் போகிற இடம் என்று நினைக்காதீர்கள். மூன்றாம் படிவம் வரை அவனைப் பள்ளியில் தக்கவைக்கிற பள்ளி எது என்று மட்டும் பாருங்கள்.

அடிதடி, கும்பல்?

மதியம் பள்ளி விடும் நேரம் வாசலில் அரை மணி நேரம் நில்லுங்கள். கட்டொழுங்கு ஆசிரியர் வெளியே வந்து நிற்கிறாரா, எதிர்க்கடையில் மோட்டார் சைக்கிளோடு காத்திருப்பவர்கள் யார் என்று பாருங்கள். இரண்டு மூன்று நாள் போங்கள், வெள்ளிக்கிழமையும் ஒருமுறை.