ஜப்பானிய எழுத்தில் வரும் நிறுத்தக்குறிகளையும் விசேஷக் குறிகளையும் தனியாகப் படிக்க வேண்டுமா?

"ஹிரகானா, கட்டகானா என்ற இரண்டு எழுத்து வரிசையும் முடித்துவிட்டேன். ஆனால் ஒரு பத்தியை எடுத்தால் வட்டம், கொக்கி, அலை, நடுவில் ஒரு புள்ளி என்று ஏதேதோ வருகிறது. இவற்றைத் தனியாகப் படிக்க வேண்டுமா, இல்லை போகப் போகப் பழகிவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தனியாகவே படியுங்கள், அதுவும் இப்போதே. ஜப்பானிய மொழியில் குறியும் ஓர் எழுத்து மாதிரிதான். எனக்கு இதைப் புரியவைத்தவர் சென்னையில் நான் போன மாலை வகுப்பின் ஆசிரியை. கட்டுரை எழுதப் பழகும்போது 'கென்கோ யோஷி' என்ற கட்டம் போட்ட தாளைக் கொடுப்பார். 20 வரிசை, வரிசைக்கு 20 கட்டம், ஆக 400 கட்டம். ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள் கட்டுரை எழுதுவது இதில்தான். கட்டுரை எவ்வளவு நீளம் வேண்டும் என்பதைக்கூட 'இத்தனை தாள்' என்றே சொல்வார்கள். முதல் நாள் நான் ஒரு வாக்கியம் எழுதி, முற்றுப்புள்ளியை நம் வழக்கப்படி கடைசி எழுத்தின் ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தேன். அவர் சிவப்புப் பேனாவால் அடுத்த காலிக் கட்டத்தைத் தொட்டு, "அதுக்கும் ஒரு வீடு இருக்குல்ல, அங்க குடி வைங்க" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு குறியையும் நான் எண்ணிக்கையில் சேர்த்தே பார்க்கிறேன்.

முற்றுப்புள்ளி 。 என்பது உள்ளே வெறுமையான சின்ன வட்டம். இலக்கணப் பெயர் குதென். பேச்சில் 'மாரு', அதாவது வட்டம். காற்புள்ளி 、 ஒரு சின்னக் கீற்று. பெயர் தோதென், பேச்சில் வெறும் 'தென்'. கிடைமட்டமாக எழுதும்போது இரண்டும் கட்டத்தின் கீழ் இடது மூலையில் உட்காரும். மேலிருந்து கீழாக எழுதினால் மேல் வலது மூலைக்குப் போய்விடும். புது வரியின் தலையில் இவை வரவே கூடாது. வரி அங்கேயே தீர்ந்துவிட்டால், கடைசி எழுத்தோடு ஒரே கட்டத்தைப் பகிர்ந்துகொள்ளும். கணினி அச்சிலும் இதே விதிதான், 'கின்சோகு' என்பார்கள்.

சொற்களுக்கு நடுவே இடைவெளி விடாத மொழி என்பதால் இந்தத் தென்னுக்கு வேலை அதிகம். குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு பழைய உதாரணம் உண்டு. எல்லாம் ஹிரகானாவில், ஒரே தொடராக: 'கோகோதேஹாகிமோனோவோ நுயிதே குதசாய்'. 'கோகோதே'க்குப் பிறகு தென் போட்டால் 'இங்கே காலணியைக் கழற்றுங்கள்' என்று பொருள். ஓர் எழுத்து தள்ளி, 'ஹா'வுக்குப் பின்னால் போட்டால் அந்த எழுத்து 'வா' என்று ஒலிக்கும், மிச்சம் 'கிமோனோ' ஆகும். அப்போது 'இங்கே உடையைக் கழற்றுங்கள்' என்றாகிவிடும்! நாம் பொதுமொழிக்கு உதாரணமாகப் படித்த 'பலகை' ஞாபகம் வருகிறதா? சேர்த்துப் படித்தால் மரப்பலகை, பிரித்தால் பல கை. காஞ்சி, அதாவது சீனாவிலிருந்து வந்த சொல்லெழுத்து, கலந்து எழுதினால் இந்தக் குழப்பம் வராது. ஆனால் தென் எங்கே வரும் என்பதற்குக் கறாரான விதி கிடையாது. எழுதுபவரின் மூச்சும் பொருளும்தான் முடிவு செய்யும். நல்ல எழுத்தைச் சத்தமாகப் படித்துப் பழகுவதே எனக்குத் தெரிந்த வழி.

இவ்வளவு முக்கியமான குறிகள் ஆதி காலத்திலிருந்தே முறையாக இருந்தவை என்று நினைத்துவிடாதீர்கள். பழைய நூல்கள் பெரும்பாலும் நம் ஓலைச்சுவடி போலக் குறியில்லாமல் ஓடும். 1906இல் கல்வி அமைச்சகம் ஒரு வரைவு விதி வெளியிட்டது, 1946இல் இன்னொன்று. 1952இல் வந்த வழிகாட்டி, அரசு ஆவணங்களைக் கிடைமட்டமாக எழுதும்போது மேற்கத்தியக் காற்புள்ளியைப் போடச் சொன்னது. பத்திரிகைகளும் பொதுமக்களும் தென்னையே போட்டுக்கொண்டிருந்தார்கள். எழுபது ஆண்டு கழித்து, 2022 ஜனவரியில்தான் அரசும் தென்னுக்கு வந்து சேர்ந்தது.

மேற்கோளுக்கு 「 」. 'காகி காக்கோ' என்று பெயர், கொக்கி அடைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இன்னொரு மேற்கோள் வந்தாலும், புத்தகத் தலைப்பு எழுதினாலும் இரட்டைக் கோடு போட்ட 『 』. பேச்சு முடியும் இடத்தில் மாருவையும் மூடும் கொக்கியையும் ஒரே கட்டத்தில் சேர்த்துப் போடப் பள்ளியில் சொல்லித்தருவார்கள். ஆனால் நாவலிலும் செய்தித்தாளிலும் அந்த மாரு இருக்காது. இரண்டையும் பார்ப்பீர்கள், இரண்டும் சரிதான். அழுத்தம் கொடுக்க நம் அச்சில் தடித்த எழுத்தோ சாய்ந்த எழுத்தோ போடுவோம். அங்கே எழுத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொரு புள்ளியாக வைத்துக்கொண்டு போவது பழைய வழக்கம். அந்தப் புள்ளியின் வடிவத்தை வைத்து அதற்கு எள்ளுப் புள்ளி என்று பெயர்.

நடுப்புள்ளி ・ 'நாகாகுரோ' எனப்படும். நடுவில் கறுப்பு என்று அர்த்தம். பட்டியலிலும், கட்டகானாவில் எழுதும் வெளிநாட்டுப் பெயர்களைப் பிரிக்கவும் வரும். நீங்கள் ஜப்பானுக்குப் போனால் முதலில் உங்கள் பெயரில்தான் இதைப் பார்ப்பீர்கள். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, அப்பா பெயர் மட்டும்தான் என்பதை விளக்கிச் சொல்லி, எது முன்னால் எது பின்னால் என்று முதல் நாளே முடிவு செய்து, எல்லாப் படிவத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். வங்கியில் ஒன்றும் அலுவலக அட்டையில் ஒன்றும் இருந்தால் பின்னால் அலைச்சல்.

நீட்டல் கோடு ー கட்டகானாவின் உயிர். 'பிரு' என்றால் கட்டடம், நடுவில் இந்தக் கோடு வந்து 'பீரு' என்றால் பீர். நமக்கு ஆகாரத்துக்குக் கால், ஈகாரத்துக்குச் சுழி என்று நெடிலுக்கு நெடில் அடையாளம் மாறும். இங்கே ஐந்து நெடிலுக்கும் ஒரே கோடு. மேலிருந்து கீழாக எழுதும்போது அதுவும் நிமிர்ந்து நின்றுகொள்ளும். குறில் நெடில் காதில் ஊறிப்போன தமிழர்களுக்கு இது சுலபமாக வரும். வகுப்பில் நான் கண்ணாரப் பார்த்தது இது.

நமக்குச் சிரமம் கொடுப்பது இன்னொரு குறி. எழுத்தின் வலது தோளில் இரண்டு சின்னக் கீற்று, தாகுதென். கலங்கிய ஒலிக்கான புள்ளி என்று பொருள். சாதாரணக் 'க' தெளிந்த ஒலி. கீற்றுப் போட்டால் கலங்கி, 'காகம்' என்பதில் வரும் இரண்டாவது ககரம் போல ஆகிவிடும். அழகான பெயர், இல்லையா? சிப்பியும் சாவியும் தமிழில் எழுதிக்காட்டினால் இரண்டுமே 'காகி'தான். ஜப்பானிய மொழியில் சிப்பிக்குக் கீற்று இல்லை, சாவிக்கு உண்டு. உயிருக்கு நடுவில் வரும் வல்லினத்தை நம் நாக்கு தானாகவே மெலிதாக்கிவிடும், காதும் அப்படியே கேட்டுக்கொள்ளும். என் முதல் வருட நோட்டுகளைப் புரட்டினால் தேவையில்லாத இடத்தில் தாகுதென்னும், தேவையான இடத்தில் வெறுமையும் நிறைய இருக்கின்றன. அதனால் ஒரு வேண்டுகோள்: இந்தப் பதிலில் வேறு வழியில்லாமல் தமிழில் எழுதியிருக்கிறேன், நீங்கள் உங்கள் நோட்டில் ஜப்பானியச் சொல்லைத் தமிழ் எழுத்தில் குறித்து வைக்காதீர்கள்.

பழைய ஜப்பானியக் கையெழுத்துகளிலும் பெரும்பாலும் இந்தக் கீற்று கிடையாது. இடம் பார்த்துப் படிப்பவரே ஒலியைத் தீர்மானித்துக்கொள்வார், நம்மைப் போலவே. 'ஹ' வரிசையைப் 'ப' ஆக்கும் சின்ன வட்டமோ, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏசு சபைப் பாதிரியார்கள் ஜப்பானில் அச்சிட்ட நூல்களில் இருக்கிறது. நமக்கு எகரத்தையும் ஏகாரத்தையும் எழுத்தில் பிரித்துக் காட்டிய வீரமாமுனிவரும் அதே சபைக்காரர், 18ஆம் நூற்றாண்டு. வெளியிலிருந்து வந்து புதிதாகக் கற்றவர்களுக்குத்தான் இந்த வேறுபாடு எழுத்தில் தெரிய வேண்டியிருந்திருக்கிறது என்று நினைக்கிறேன். மங்கா என்ற ஜப்பானியப் படக்கதையில் 'அ' மேல் இந்தக் கீற்றைப் போட்டிருந்தால் பயப்படாதீர்கள், அது தொண்டையிலிருந்து வரும் உறுமல்.

அப்புறம், திரும்ப வரும் காஞ்சிக்குப் பதிலாகப் போடும் குறி 々. கட்டகானாவின் 'நோ'வையும் 'மா'வையும் ஒட்டவைத்த மாதிரி இருப்பதால் செல்லமாக 'நோமா' என்கிறார்கள். இந்த வகைக் குறிகளின் பொதுப் பெயர் 'ஒதோரிஜி', ஆடும் எழுத்துகள். 'ஹிதோ' என்றால் மனிதர், பக்கத்தில் நோமா போட்டால் 'ஹிதோபிதோ', மக்கள். சசாகி என்ற குடும்பப் பெயரிலும் டோக்கியோவின் யோயோகி என்ற இடப்பெயரிலும் இது உண்டு. இதற்கென்று சொந்த ஒலி கிடையாது; முன்னால் நிற்பதன் ஒலியை வாங்கிக்கொள்ளும். நம் பழைய பத்திரங்களில் 'மேற்படி' என்பதற்கு ௸ போடுவார்களே, அதன் உறவுக்காரன் என்று எனக்குத் தோன்றும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அலைக்கோடு 〜 'இதிலிருந்து இதுவரை'. குறிப்பு எழுதும்போது வரும் ※ 'கோமேஜிருஷி', அரிசிக் குறி. அரிசிக்கான காஞ்சி போல இருப்பதால் அந்தப் பெயர். விளம்பரத்தில் இது கண்ணில் பட்டால் கீழே உள்ள சின்ன எழுத்தைக் கட்டாயம் படியுங்கள், நிபந்தனை அங்கேதான் இருக்கும். 〒 அஞ்சல் குறி. 1887இல் வந்தது, அப்போது அஞ்சலைக் கவனித்த 'தேய்ஷின்' அமைச்சகத்தின் முதல் எழுத்தான கட்டகானா 'தே'யின் வடிவம். இதற்குப் பக்கத்தில் எழுதும் அஞ்சல் எண் 1998இலிருந்து 7 இலக்கம். கடித உறையை ஒட்டியபின் மடிப்பின் மேல் போடுவது 〆, 'ஷிமே', மூடியாயிற்று என்று பொருள். கேள்விக்குறி 'ஹதேனா', வியப்புக்குறி 'பிக்குரி'. வாக்கியக் கடைசியில் வரும் 'கா' என்ற சொல்லே கேள்வியைக் காட்டிவிடுவதால், முறையான எழுத்தில் கேள்விக்குறி அதிகம் தேவைப்படாது. விடைத்தாளில் வட்டம் போட்டிருந்தால் சரி என்று அர்த்தம். நம் ஊரில் தப்பைத்தான் சுழிப்பார்கள், அந்த ஞாபகத்தில் மனம் உடைந்துவிடாதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த வட்டத்தைச் சுற்றி இதழ் வரைந்து பூவாக்கியும் கொடுப்பார்கள்.

சரி, குறியை எங்கே போடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். பாடப்புத்தகத்தில் எனக்கு இது கிடைக்கவில்லை. நகோயாவில் மொழிபெயர்ப்பு வேலையில் இருந்தபோது, ஓய்வு பெறும் மேற்பார்வையாளருக்கு நன்றிப் பட்டயம் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. மாருவும் தென்னும் பிசகாமல் வைத்து, இரண்டு நாள் திருத்தி, பக்கத்து இருக்கையில் இருந்த மூத்த அம்மையாரிடம் காட்டினேன். அவர் சொற்களில் எதையும் தொடவில்லை. பென்சிலால் ஒவ்வொரு குறியையும் மட்டும் வட்டமிட்டு, எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னார். "இவருக்கு நிறுத்தி நிறுத்திப் படிக்கச் சொல்லித்தர வேண்டுமா? அதோடு, வேலைதானே முடிகிறது. நாம் ஏன் வெட்டி முடிக்க வேண்டும்?" என்று மெதுவாகக் கேட்டார். தூரிகையால் எழுதிய காலத்தில் குறி என்பது படிக்கத் தடுமாறுபவருக்கான உதவி. பெரியவர்களுக்கு எழுதும்போது அதைப் போடுவது அப்போது மரியாதைக் குறைவாகத் தோன்றியது. திருமண அழைப்பில் வெட்டு, முடிவு என்ற எண்ணமே வரக் கூடாது என்பதால் குறி இருக்காது. புத்தாண்டு அட்டை, துக்கம் தெரிவிக்கும் அட்டை, பட்டயம் எல்லாவற்றிலும் இந்த வழக்கம் உண்டு. நிறுத்த வேண்டிய இடத்தில் ஓர் எழுத்து அளவு காலி விடுவார்கள், அல்லது அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். நான் மறுபடி எழுதினேன். அந்த வெற்றிடங்களோடு பார்க்கும்போது, அவர் தன் வேகத்தில் படித்துக்கொள்ள நான் வழிவிட்டு நின்ற மாதிரி இருந்தது.

இப்போது இதே மாரு வேறு விதமாகவும் பேசப்படுகிறது. லைன் என்ற அரட்டைச் செயலியில் ஒரு வரி அனுப்பி மாரு வைத்தால், இளையவர்கள் பலருக்குக் கோபமாகச் சொன்னது போல இருக்கிறதாம். 2024 தொடக்கத்தில் இதற்கு 'மாருஹாரா', அதாவது மாருத் தொல்லை, என்று பெயர் வைத்துத் தொலைக்காட்சி வரை பேசினார்கள். நான் மேலதிகாரிக்கு மாரு வைப்பேன், தோழிகளுக்கு வைப்பதில்லை. மின்னஞ்சலில் எல்லோருக்கும் வைப்பேன்.

தட்டச்சுக்கு வழி சுலபம்: பெயர் தெரிந்தால் போதும். ஜப்பானிய விசைப்பலகையில் 'காரா' என்று அடித்து மாற்றினால் அலைக்கோடு வரும். 'கோமே' அடித்தால் அரிசிக் குறி, 'யூபின்' அடித்தால் அஞ்சல் குறி, 'ஷிமே' அடித்தால் உறைக் குறி, 'ஒனாஜி' அடித்தால் நோமா, 'காக்கோ' அடித்தால் எல்லா அடைப்பும் வரிசையாக வரும். முதல் வாரம் இவற்றை மட்டும் அடித்துப் பாருங்கள். இரண்டாவது வாரம் கென்கோ யோஷியில் ஒரே ஒரு தாள் கையால் எழுதி, மாருவும் தென்னும் எந்தக் கட்டத்தில் விழுந்தன என்று யாரிடமாவது காட்டுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் படம் எடுத்து இங்கேயே போடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.