ஜிமெயில் இடம் நிரம்பியது குறித்து, அம்பாசமுத்திரத்திலிருந்து கேட்டவருக்கு

மின்னஞ்சல்களை அழிப்பதால் பெரிய பயன் இராது. வாட்ஸ்அப்பின் காப்புப்பிரதி (பேக்கப்) அமைப்பில் வீடியோக்களைச் சேர்க்கும் தெரிவை அணைத்துவிட்டு, உடனே புதிதாக ஒரு பிரதி எடுங்கள். பழைய பெரிய பிரதியின் இடத்தில் சிறியது அமர்ந்துவிடும்.

சில நூறு கடிதங்களே இருந்தும் 15 ஜிபி நிரம்பி, புது அஞ்சல் வருவது நின்றுவிட்டது என்கிறீர்கள். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் அந்த இடம் பொது. 2024 முதல் ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் காப்புப்பிரதியும் அதே கணக்கில் சேர்கிறது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தை ஆளுக்கொரு கோணத்தில் எடுத்து அனுப்பும் உறவினர்கள் இருக்கும்வரை அது வீங்கத்தான் செய்யும்.

முதலில் டிரைவ் செயலியில் காப்புப்பிரதிகளின் அளவைப் பாருங்கள்; அது சிறிதாக இருந்தால் போட்டோஸைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

போனை மாற்றும்போது, பிரதியில் சேராத அந்த வீடியோக்கள் திரும்ப வாரா என்பதால், வேண்டியவற்றை முன்னரே கணினியில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.