பட்டாளத்து ரைஃபிளும் படுக்கையறையும்

டெக்சாஸுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. அதில் பதினாறு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் சுடுதளத்தில் மேற்பார்வை. பழைய ராணுவ ரைஃபிள்கள் என் பலவீனம். இரும்புப் பெட்டிக்குள் ஏழு இருக்கின்றன. ஏழில் ஒன்றைக்கூட வீட்டுக் காவலுக்கு என்று நான் ஒதுக்கவில்லை. வீட்டுக் காவலுக்குப் பழைய ரைஃபிள் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்களை, இதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

கே: 2011-ல் கன் ஷோவில் (துப்பாக்கிச் சந்தையில்) நூறு டாலருக்கும் குறைவாக ஒரு மோசின்-நகாந்த் (பழைய ரஷ்ய ராணுவ ரைஃபிள்) வாங்கினேன். கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. திருடன் வந்தால் அது போதும்தானே? (கேட்டி, டெக்சாஸ்)

போதும். போதும் போதும் என்று நீங்களே அலறும் அளவுக்குப் போதும்.

உங்களிடம் இருப்பது 91/30 வகை என்றால் அதன் நீளம் ஏறக்குறைய 123 சென்டிமீட்டர். ரஷ்யாவின் ஸ்தெப்பிப் புல்வெளியில் சண்டை போடுவதற்குச் செய்தது. இன்று இரவு ஒரு காரியம் செய்யுங்கள். தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, விளக்கை அணைத்து, ரைஃபிளோடு கட்டிலிலிருந்து குழந்தைகள் அறைவரை நடந்து பாருங்கள். எத்தனை நிலைப்படியில் இடிக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். போகிற வழியில் கதவைத் திறக்க ஒரு கை வேண்டும், டார்ச்சுக்கு ஒரு கை வேண்டும், 911-ஐ அழைக்க இன்னொரு கை வேண்டும்.

அடுத்தது பாதுகாப்பு விசை. மோசினில் அதற்கென்று தனிப் பொத்தான் கிடையாது. பின்னால் இருக்கும் குமிழை முழு பலத்தோடு இழுத்துத் திருக வேண்டும். பட்டப்பகலில், பதற்றமே இல்லாமல், ஜிம்முக்குப் போகிற இளைஞர்கள் அதோடு மல்லுக்கட்டுவதை நான் வாரா வாரம் பார்க்கிறேன். தூக்கக் கலக்கத்தில் உங்களால் முடியாது. என்னாலும் முடியாது.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல் சுவர். இங்கே நம் வீட்டுச் சுவர் என்பது மரச்சட்டத்தின் இரண்டு பக்கமும் அறைந்த அரை அங்குல ஜிப்சம் பலகை. காரைக்குடி வீட்டுச் சுவர் ஞாபகத்தில் இதை நம்பிவிடாதீர்கள். ஒரு 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டாவின் ஆற்றல் சுமார் 500 ஜூல். அதுவே இந்தச் சுவர்களைத் தாண்டும். மோசினின் 7.62×54 தோட்டா சுமார் 3,500 ஜூல். முழுக்கத் தாமிர உறை போட்ட ராணுவத் தோட்டா திருடனைத் தாண்டி, சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டுச் சுவரையும் தாண்டக்கூடியது. அந்தப் பக்கத்துக் கட்டிலில் யார் படுத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. குழலை விட்டு வெளியேறிய ஒவ்வொரு குண்டுக்கும் சட்டப்படி நீங்கள்தான் பொறுப்பு.

மோசினை விற்கவும் வேண்டாம். சுடுதளத்துக்குக் கொண்டுவாருங்கள், நூறு கஜத்தில் அது தனி சுகம்.

கே: எச்-1பி விசாவில் இருக்கிறேன். பழைய துப்பாக்கிகள் "கலெக்டர் அயிட்டம்" என்பதால் அதற்கு விதி தளர்வு என்று நண்பர் சொல்கிறார். எஸ்கேஎஸ் (பழைய சோவியத் வகை ரைஃபிள்) வாங்கலாமா? (இர்விங், டெக்சாஸ்)

வேண்டாம். இந்த இதழில் மற்றதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

ஐம்பது வயது கடந்த துப்பாக்கிகளுக்கு "க்யூரியோ அண்ட் ரெலிக்" என்று ஒரு பிரிவு உண்டு. அதற்குத் தனி உரிமமும் உண்டு. அந்தச் சலுகை துப்பாக்கி வாங்கத் தகுதி உள்ளவருக்கு மட்டும்தான். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற விசாக்களில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டரசுச் சட்டப்படி குற்றம். முறையான வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் இருக்கின்றன. அதற்குள் நுழைவதென்றால் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், நண்பரை அல்ல. 2022-க்குப் பிறகு இந்தக் குற்றத்துக்கான உச்சத் தண்டனை 15 ஆண்டு. அதற்கு மேல் நாடு கடத்தல். பல வருடம் காத்திருக்கும் கிரீன் கார்டு வரிசையை நினைத்துப் பாருங்கள்.

கிரீன் கார்டு வந்துவிட்டால் வாங்கலாம். அதுவரை நல்ல கதவுப் பூட்டு.

கே: கிரீன் கார்டு இருக்கிறது, மாநிலத்திலும் தடையில்லை. எஸ்கேஎஸ், எம்1 கார்பைன் இரண்டும் விலைக்கு வந்திருக்கின்றன. வீட்டுக்கு எது? (ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா)

பழைய பட்டாளத்துச் சாமான்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், கார்பைன், அதாவது அந்தக் குட்டை ரைஃபிள்.

அது பிறந்த கதையிலேயே காரணம் இருக்கிறது. முன்வரிசைச் சிப்பாய்க்காகச் செய்ததல்ல அது. லாரி ஓட்டுபவர், வயர்லெஸ்காரர், பீரங்கிக்குக் குண்டு தூக்குபவர் ஆகியோருக்குக் கைத்துப்பாக்கிக்குப் பதிலாக ஏதாவது கொடுக்கவேண்டும் என்று அமெரிக்க ராணுவம் 1941-ல் ஏற்றுக்கொண்டது. வேறு வேலையில் மூழ்கியிருப்பவர் அவசரத்துக்கு எடுப்பது என்பதுதான் கணக்கு. உங்கள் நிலைமையும் ஏறக்குறைய அதுதானே? எடை இரண்டரைக் கிலோவுக்குள், நீளம் 90 சென்டிமீட்டர், 15 தோட்டா அடங்கும் மேகசின் (தோட்டாக் கூடு), தோளில் உதை குறைவு. வீட்டில் இன்னொருவரும் சிரமமில்லாமல் கையாளலாம். போர்க்காலத்தில் 60 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். ஐபிஎம் செய்தது, அண்டர்வுட் டைப்ரைட்டர் கம்பெனி செய்தது, பாட்டுப் பெட்டி செய்துகொண்டிருந்த ராக்-ஓலாவும் செய்தது. என்னுடைய கார்பைன் ஐபிஎம் குழலோடு வந்தது. நம் ஊர் சாஃப்ட்வேர் பையன்களிடம் காட்டினால் நம்புவதே இல்லை.

அதன் தோட்டா ஆற்றல் சுமார் 1,300 ஜூல். எஸ்கேஎஸ் சுமார் 2,000. சுவர் விஷயத்தில் இரண்டுமே உத்தமம் கிடையாது. கார்பைனுக்கு முனை மெத்தென்ற, உடம்பில் விரிகிற தோட்டா கிடைக்கிறது. அது ஓரளவு உதவும். ஓரளவுதான்.

கார்பைனில் பார்க்கவேண்டியவை: போருக்குப் பிறகு வணிகத்துக்காகச் செய்த நகல்கள் தரத்தில் ஏறி இறங்கும், ராணுவ முத்திரை உள்ளதைத் தேடுங்கள். மேகசின்தான் இதன் சனி. எண்பது வருட ஸ்பிரிங்கை நம்பாமல் புதிதாக நாலைந்து வாங்கி, ஒவ்வொன்றிலும் ஐம்பது நூறு தோட்டாவாவது ஓட்டிப் பாருங்கள். 30 தோட்டா மேகசின் பக்கம் போகாதீர்கள். இன்னொன்று: ஆரம்பகாலத் துப்பாக்கிகளில் பாதுகாப்பு விசையும் பொத்தான், மேகசினைக் கழற்றுவதும் பொத்தான், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். இருட்டில் சிப்பாய்கள் மாற்றி அழுத்தி மேகசினைக் கீழே போட்டார்கள். பிறகுதான் பாதுகாப்பு விசையைத் திருகும் நெம்புகோலாக மாற்றினார்கள். அந்த நெம்புகோல் உள்ளதா என்று பாருங்கள்.

எஸ்கேஎஸ் உழைக்கிற மாடு. பத்துத் தோட்டா, பிரிக்க முடியாத மேகசின், நீளம் 102 சென்டிமீட்டர், எடை நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் ஒரு ஆபத்து உண்டு. தோட்டாவைத் தட்டிச் சுடவைக்கும் அதன் ஊசி, போல்ட்டுக்குள் (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் பாகம்) ஸ்பிரிங் பிடிப்பில்லாமல் சும்மா ஓடும் வகை. கிடங்கில் பூசிவைத்த காஸ்மோலின் கிரீஸ் உள்ளே இறுகியிருந்தால் ஊசி முன்னால் சிக்கிக்கொள்ளும். விசையைத் தொடாமலே சுடும். சில நேரம் வரிசையாகச் சுடும். வாங்கியதும் போல்ட்டைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள், ஊசி கிலுகிலுப்பை மாதிரி சத்தம் போடவேண்டும். போடாவிட்டால் பிரித்துக் கழுவும்வரை ஒரு தோட்டாகூட ஏற்றக் கூடாது. பிரிக்கும் மேகசினுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கையெடுத்துக் கும்பிட்டுவிடுங்கள். இறக்குமதித் துப்பாக்கியின் பாகங்களை மாற்றுவதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது, கலிஃபோர்னியாவில் அந்த வடிவமே தடைப்பட்டியலில் பெயர் சொல்லி இருக்கிறது.

கே: எனக்கும் எம்1 கார்பைன்தான் ஆசை. (எடிசன், நியூ ஜெர்சி)

ஆசையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் மாநிலத்தின் தடைசெய்யப்பட்ட துப்பாக்கிப் பட்டியலில் "எம்-1 கார்பைன் வகை" என்று தனியாகவே எழுதியிருக்கிறார்கள். பென்சில்வேனியாவில் வாங்கிக் காரில் போட்டுக்கொண்டு வரலாம் என்ற யோசனையும் வேண்டாம்.

கே: எம்1 காரண்ட் (இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ரைஃபிள்) வாங்கலாமா? அரசாங்கமே மலிவாகத் தருகிறதாமே. (டாம்பா, ஃப்ளோரிடா)

தருவது சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் என்ற அமைப்பு, அலபாமா மாநிலம் ஆனிஸ்டனில் பெரிய கிடங்கு இருக்கிறது. அவர்களிடம் வாங்கக் குடியுரிமை வேண்டும். கிரீன் கார்டு செல்லாது. மலிவு என்பதெல்லாம் போன தலைமுறைப் பேச்சு.

அருமையான ரைஃபிள். வீட்டுக்கு வேண்டாம். நாலேகால் கிலோவுக்கு மேல் எடை, .30-06 தோட்டா, சுமார் 3,600 ஜூல். மோசினுக்குச் சொன்ன எல்லாமே இதற்கும். வாங்கினால் கட்டைவிரலைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். எட்டுத் தோட்டாக் கிளிப்பை அழுத்தியதும் போல்ட் பாய்ந்து வரும். எனக்கு ஒரு நகம் போயிருக்கிறது. கடையில் விற்கும் கனமான வேட்டைத் தோட்டாவையும் போடாதீர்கள், உள்ளே இருக்கும் நீண்ட தண்டு வளைந்துவிடும்.

கே: பழைய ரஷ்யத் தோட்டா சுட்டால் குழல் துருப்பிடிக்கும் என்கிறார்கள். எண்ணெய் போட்டுத் துடைத்தும் ஒரு வாரத்தில் சிவந்துவிட்டது. (சான் அன்டோனியோ)

எண்ணெய் போட்டதுதான் தப்பு. முதலில் தண்ணீர்.

சிவகாசித் தீக்குச்சி மருந்தில் இருக்கும் பொட்டாசியம் குளோரேட்தான் அந்தக் காலத் தோட்டாவின் அடியில் இருக்கும் தீமூட்டியிலும் இருந்தது. எரிந்த பிறகு அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலுக்குள் படியும். சமையல் உப்புக்கு ஒன்றுவிட்ட தம்பி. மழைக்காலத்தில் உப்பு ஜாடி எப்படிக் கசிகிறதோ, அப்படிக் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். எண்ணெயில் உப்பு கரையாது, எண்ணெய்க்கு அடியில் சௌகரியமாக உட்கார்ந்து இரும்பைத் தின்னும்.

ஆகவே சுட்ட அன்றே வெந்நீரைக் குழல் வழியாகத் தாராளமாக ஊற்றுங்கள். போல்ட்டின் முகத்தையும் கழுவுங்கள். எஸ்கேஎஸ் என்றால் பிஸ்டன், வாயுக்குழாய் இரண்டும் சேர்த்தி. நன்றாக உலர்த்திய பிறகு வழக்கமான சுத்தம், கடைசியில் எண்ணெய். யூகோஸ்லாவிய எஸ்கேஎஸ் வைத்திருப்பவர்கள் இதில் சோம்பலே படக் கூடாது; அதன் குழலுக்குள் குரோமியப் பூச்சு கிடையாது.

கே: அப்பா தமிழ்நாடு போலீஸில் த்ரீ நாட் த்ரீ தூக்கியவர். அவர் நினைவாக இங்கே ஒரு இஷாப்பூர் என்ஃபீல்ட் வாங்கி வீட்டுக் காவலுக்கும் வைத்துக்கொள்ள ஆசை. (ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்)

நினைவுக்கு வாங்குங்கள், சந்தோஷமாக வாங்குங்கள். ஆனால் எதை வாங்குகிறீர்கள் என்று முத்திரையைப் படித்துவிட்டு வாங்குங்கள். மேற்கு வங்க இஷாப்பூர் தொழிற்சாலையிலிருந்து இங்கே வந்தவை ஒன்றல்ல. .303 தோட்டா போடும் பழைய வகை ஒன்று. அப்பா தூக்கியது அதுதான். 1962 சீனப் போருக்குப் பிறகு நேட்டோ 7.62 தோட்டாவுக்காகச் செய்த 2ஏ, 2ஏ1 இன்னொன்று. மூன்றாவதாக .410 மஸ்கட்: போலீஸ், சிறைக் காவலர் உபயோகத்துக்காக .303-ஐக் குடைந்து, ஒற்றைத் தோட்டாவாக மாற்றியது. பார்க்க அச்சு அசல் த்ரீ நாட் த்ரீ மாதிரியே இருக்கும். கன் ஷோவில் விற்பவருக்கே வித்தியாசம் தெரியாத நிலையை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். தோட்டா மாறினால் உயிர்ச்சேதம்வரை போகும். துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம், குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் அறையை அளக்கச் சொல்லிவிட்டுத்தான் சுடவேண்டும்.

போல்ட் ரைஃபிள்களில் என்ஃபீல்ட்தான் வேகம், பத்துத் தோட்டாவும் இருக்கிறது. இருந்தாலும் 113 சென்டிமீட்டர் நீளம், 3,000 ஜூலுக்கு மேல். சுவர் அதே சுவர்தான். அப்பா படத்துக்குக் கீழே பூட்டி மாட்டுங்கள்.

ஊரிலிருந்து கொண்டுவரலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். இந்தியாவில் .303 பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட காலிபர். அதனால்தான் அங்கே உரிமத்தில் .315 விற்கிறார்கள். அந்த யோசனையை மறந்துவிடுங்கள்.

கே: இரண்டு பிள்ளைகள், எட்டு வயது, பன்னிரண்டு வயது. எஸ்கேஎஸ்ஸைத் தோட்டா போட்டே வைப்பதா, காலியாக வைப்பதா? (ஆஸ்டின்)

டெக்சாஸில் பதினேழு வயதுக்குட்பட்ட பிள்ளை, தோட்டா போட்ட துப்பாக்கியை எடுக்கும்படி அலட்சியமாக வைத்திருந்தால் அது குற்றம். "உயரத்தில் வைத்திருந்தேன்" என்பதை நம்பாதீர்கள். தீபாவளிக்கு அம்மா ஒளித்த முறுக்கை நீங்கள் எந்த வயதில் கண்டுபிடித்தீர்கள்?

எஸ்கேஎஸ்ஸின் தோட்டா அறையில் தோட்டா போட்டு வைக்கவே கூடாது. ஊசி விஷயம் மேலே சொன்னேன். ரைஃபிள் காலியாக, பூட்டிய பெட்டியில். தோட்டா இன்னொரு பெட்டியில், இன்னொரு பூட்டு. அப்படி வைத்தால் அவசரத்துக்கு உதவாது என்பீர்கள். உண்மைதான். அதனால்தான் உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது வேறு: வாசல் கதவின் பூட்டுத் தகட்டைப் பிடித்திருக்கும் குட்டைத் திருகாணிகளைக் கழற்றிவிட்டு மூன்று அங்குலத் திருகாணி போடுங்கள். ஒரு உதையில் திறக்கிற கதவு அதற்குப் பிறகு அப்படித் திறக்காது. பத்து டாலர்கூட ஆகாது, இந்த ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிடலாம்.