7 கியர் வண்டி, 6 கியர் வண்டியை விட உசத்தியா?

கேள்வி: பத்து வருடமாக 5 கியர் மேனுவல் கார் ஓட்டுகிறேன். முழங்கால் வலியால் ஆட்டோமேட்டிக்குக்கு மாற நினைக்கிறேன். ஒரு ஷோரூமில் 6 கியர் ஆட்டோமேட்டிக் காட்டினார்கள், இன்னொன்றில் ‘7 ஸ்பீட் சிவிடி’. கியர் கூடினால் மைலேஜும் கூடும்தானே? மாதம் ஒருமுறை மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டி போய்வருவேன்.

பதில்: முதலில் அந்த 7ஐ மறந்துவிடுங்கள். சிவிடியில் எண்ணிச் சொல்லும்படி கியர் கிடையாது. இரண்டு புல்லி, நடுவே ஒரு பெல்ட். புல்லிகள் விரிந்து சுருங்க, விகிதம் (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற இன்ஜின் எத்தனை சுற்று என்ற கணக்கு) வழுக்கிக்கொண்டே மாறும். வீட்டில் ஆக்டிவா இருந்தால் நீங்கள் ஏற்கெனவே சிவிடிதான் ஓட்டுகிறீர்கள். காரில் 7 என்பது, மென்பொருள் ஏழு இடத்தில் நின்று போவதுபோல் காட்டும் ஏற்பாடு. அதை ஏமாற்று என்று தள்ளிவிடவும் வேண்டாம், மலை இறக்கத்தில் உதவும்.

சரி, கியர் ஏன் தேவை? இன்ஜின் சுகமாக இழுக்கும் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) ஓர் எல்லைக்குள்தான். வண்டி எந்த வேகத்தில் போனாலும் இன்ஜினை அந்த எல்லைக்குள் வைத்திருப்பதே கியரின் வேலை. ஸ்ப்ளெண்டருக்கு 4 போதும். லாரியின் டீசல் இன்ஜினுக்கு அந்த எல்லை மிகக் குறுகியது, பாரமோ பல டன். அதனால்தான் 6, 9, வால்வோ லாரிகளின் ‘ஐ-ஷிஃப்ட்’ கியர்பாக்ஸில் 12. ஒன்பது கியர் லாரியில் டிரைவர் ஒன்பது இடம் தேடுவதில்லை. பொதுவாக கியர் லீவருக்கு நான்கு இடம்தான், லோ-ஹை சுவிட்சை மாற்றினால் அதுவே எட்டு. ஏற்றத்தில் பாரத்தை நகர்த்த ஒரு கிராலர், ஆக ஒன்பது. மின்சார மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு விசையோடு இழுக்கும் என்பதால் நெக்ஸான் இவிக்கு ஒரே விகிதம்.

மைலேஜுக்கு வருவோம். ஆறாவது கியர் நெடுஞ்சாலையில் இன்ஜினை நிதானமாகச் சுற்றவிட்டால் பெட்ரோல் மிஞ்சும். ஆனால் சில கார்களில் ஆறாவதும் பழைய ஐந்தாவதும் கிட்டத்தட்ட ஒரே விகிதம். இடைப்பட்ட கியர்களைத்தான் நெருக்கி வைத்திருப்பார்கள். ஓட்ட நன்றாக இருக்கும், மைலேஜில் பெரிய மாற்றம் தெரியாது.

உங்கள் முழங்காலுக்கு இரண்டுமே நிம்மதி. ஊருக்குள் நெரிசல்தான் அதிகம் என்றால் சிவிடி வெண்ணெய் மாதிரி போகும். ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் வேகத்துக்கு முன்னால் சத்தம் வரும், அது சிலருக்கு எரிச்சல். மாதாமாதம் மலை ஏறுகிறீர்கள் என்பதால் நானாக இருந்தால் 6 கியரை எடுப்பேன். எதை எடுத்தாலும் குன்னூர் இறக்கத்தில் லீவரை ‘D’யில் விட்டுவிட்டு பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். ‘L’ அல்லது மேனுவல் மோடு போட்டு இன்ஜினே வண்டியைப் பிடித்து இறங்கும்படி வாருங்கள்.

டெஸ்ட் டிரைவில் பைபாஸுக்குப் போய், 100ல் சீராக ஓட்டி ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். 2,000ஐ ஒட்டி நின்றால் நல்லது. 3,000ஐத் தொட்டால், கியர் எத்தனை என்று ஷோரூம்காரர் சொல்வதைக் காதில் வாங்காதீர்கள்.