வரப்பில் நகராமல் கிடக்கும் விரியன்: இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள் கவனத்துக்கு

கேள்வி: விழுப்புரம் பக்கம் மூன்று ஏக்கரில் நெல்லும் மல்லாட்டையும் (நிலக்கடலை) போட்டிருக்கிறேன். த்ரீ ஃபேஸ் கரண்ட் பல நாள் ராத்திரியில்தான் கிடைக்கிறது. போன வாரம் மடை திருப்பப் போனபோது வரப்பில் தடித்த பாம்பு ஒன்று கிடந்தது. முதுகில் வட்ட வட்டமாகச் சங்கிலி கோர்த்த மாதிரி இருந்தது. காலைத் தரையில் ஓங்கித் தட்டினேன். பலமாகச் சீறியதே தவிர நகரவில்லை. அடித்துவிடச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அது பெரும்பாலும் கண்ணாடி விரியன். அடிக்கப் போகாததே நல்லது. தடியோடு நெருங்கும்போது கடி வாங்கியவர்கள் நிறைய. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்வது குற்றமும்கூட.

காலைத் தட்டினால் பாம்பு விலகிவிடும் என்பது சாரைக்குச் சரி. நல்ல பாம்பும் பெரும்பாலும் அதிர்வை உணர்ந்து ஒதுங்கும். கண்ணாடி விரியன் அப்படியல்ல. எலி வரும் தடத்தில் அசையாமல் காத்துக் கிடந்து பிடிப்பது அதன் வழக்கம். ஆள் வந்தாலும் அதே இடத்தில் சுருண்டபடி குக்கர் விசில் போலச் சீறும். சில சமயம் சீறவும் செய்யாது. மிதித்த பிறகுதான் தெரியும். ஆகவே ராத்திரியில் சத்தத்தை நம்பி நடக்காதீர்கள். வெளிச்சத்தையும் பூட்ஸையும் நம்புங்கள்.

வெளிச்சம் என்றால் செல்போன் விளக்கு போதாது. தலையில் மாட்டும் டார்ச் வாங்குங்கள், மண்வெட்டி பிடிக்க இரண்டு கையும் காலியாக இருக்கும். தூரத்தைப் பார்த்து அடிக்காமல், அடுத்த நாலைந்து எட்டு வைக்கப் போகும் தரையில் வெளிச்சம் விழ வேண்டும். காய்ந்த புல்லிலும் சருகிலும் அந்தப் பழுப்பு நிறம் அப்படியே கலந்துவிடும் என்பதால் மெதுவாக நடப்பதும் முக்கியம்.

கடி பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் விழுகிறது. ஹவாய் செருப்பு எதையும் தடுக்காது. முழங்காலை ஒட்டி வரும் தடித்த ரப்பர் கம்பூட்ஸ் ஆபத்தை வெகுவாகக் குறைக்கும். சேற்றில் அது சிக்கிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் மடை திருப்பும்போது நீங்கள் அதிகம் நடப்பது வரப்பிலும் வாய்க்கால் கரையிலும். போடும் முன் கவிழ்த்துத் தட்டுங்கள், உள்ளே தேளும் இருக்கும், பாம்புக் குட்டியும் இருக்கும்.

மோட்டார் கொட்டகையில் விதை மூட்டை இருந்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். மூட்டையை அப்புறப்படுத்தி, சுவர் ஓட்டைகளைச் சிமென்ட் வைத்து அடைத்துவிடுங்கள். ஸ்டார்ட்டர் பெட்டியில் கை வைக்கும் முன் மேலும் கீழும் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். பூண்டு, உப்பு, ஃபினாயில் எதுவும் பாம்பைத் தடுக்காது. செல்போனிலிருந்தே மோட்டாரை இயக்கும் கருவிக்கு வேளாண் பொறியியல் துறையில் மானியத் திட்டம் உண்டு, விசாரியுங்கள். ராத்திரி நடை குறைந்தாலே ஆபத்தும் குறையும்.

எதிரில் பார்த்துவிட்டால் எடுத்த காலை முன்னால் வைக்காதீர்கள். வெளிச்சத்தை அதன்மேல் வைத்தபடியே, வந்த தடத்திலேயே பத்தடி பின்வாங்குங்கள். திரும்பி ஓடினால் தடுக்கி விழுவீர்கள். தாண்டிக் குதிப்பது, மண்வெட்டிக் காம்பால் தள்ளுவது இரண்டும் கூடாது. விரியன் பாயும் வேகத்துக்கு உங்கள் கை ஈடுகொடுக்காது. வேறு வரப்பில் சுற்றிப் போங்கள். மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்து இதைக் கையில் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். சந்தேகமுள்ள எந்தப் பாம்பையும் தொட வேண்டாம், செத்துக் கிடந்தாலும்கூட. வெட்டுண்ட தலையும் கடிக்கும்.

மல்லாட்டைக் காவலுக்குக் குடிசையில் தரையில் படுப்பவர்களுக்குக் கட்டுவிரியன்தான் பயம். அதன் கடி வலிக்காது, வீங்காது, பல் தடமும் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலியோடு எழுந்து, கண் இமை தானாகச் சொருகினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கட்டிலில் படுத்து, கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டால் இதைத் தவிர்க்கலாம்.

கடித்துவிட்டால்: மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். மோதிரம், மெட்டி, கொலுசு, வழக்கமாகக் கை காலில் கட்டியிருக்கும் கயிறு எல்லாவற்றையும் வீங்கும் முன் கழற்றுங்கள். காலை மட்டை வைத்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வையுங்கள். நடக்க விடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அது வரத் தாமதமாகும் என்றால் பைக்கில் இருவருக்கு நடுவே உட்காரவைத்துக் கிளம்புங்கள். கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை கட்டுவது எல்லாம் நேரத்தைத் தின்னும். இறுக்கிக் கயிறு கட்டினால் விரியன் விஷம் தேங்கிய இடத்தில் சதை அழுகும். யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்காதீர்கள். தேங்கிய விஷம் ஒரேயடியாக ஏறிவிடக்கூடும், டாக்டர் முன்னால்தான் அவிழ்க்க வேண்டும்.

பாம்பைப் பிடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அந்த மருந்தைத் தயாரிக்கத் தேவையான பாம்பு விஷத்தை எடுத்துக் கொடுப்பதில், 1978-ல் தொடங்கி, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்குண்டு.

ஆஸ்பத்திரியில் 2 மில்லி ரத்தம் எடுத்துச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். முதல் தவணையாக 8 முதல் 10 குப்பி மருந்து ஏற்றுவார்கள். குழந்தைக்கும் அதே அளவுதான், பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. முதல் சோதனையில் ரத்தம் உறைந்தாலும் 24 மணி நேரம் தங்கச் சொல்வார்கள். தங்குங்கள்.

ராத்திரியில் டாக்டரும் இந்த மருந்தும் இருக்கும் ஆஸ்பத்திரி உங்கள் ஊருக்கு எது பக்கம் என்பதை நாளைக்கே நேரில் போய்க் கேட்டு வாருங்கள். கண்ணாடி விரியன் விஷம் சிறுநீரகத்தையும் தாக்கும். வீடு திரும்பிய பிறகு சிறுநீர் குறைந்தாலோ, சிவந்து போனாலோ, முகம் வீங்கினாலோ அன்றைக்கே திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.