சொல் விளக்கம்: ஆத்மவஞ்சனை

கேள்வி: 'கொள்கையை உதறிவிட்டுக் கூட்டணிக்குப் போவது ஆத்மவஞ்சனை' என்று ஒரு கட்டுரையில் படித்தேன். ஆத்மவஞ்சனை என்றால் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது அல்லவா? அங்கே ஏமாந்தது வாக்காளர்தானே?
– வாசகர், கும்பகோணம்

பதில்: வாக்காளர் ஏமாந்தது தனிக் கணக்கு! இந்தச் சொல்லில் 'ஆத்ம' என்பதற்குத் 'தன்' என்று பொருள். ஆத்மஹத்தி தற்கொலை, ஆத்மஸ்துதி தற்புகழ்ச்சி. அதே வார்ப்புதான் இதுவும். எனவே தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதே நேர்ப்பொருள். ஆனால் ஆத்மா என்றதும் நமக்கு மனசாட்சி நினைவுக்கு வந்துவிடுகிறது. அதனால் 'மனசாட்சிக்கு விரோதமாக நடப்பது' என்ற பொருளும் வழக்கில் ஊன்றிவிட்டது. நீங்கள் படித்த வரி இந்த இரண்டாவது வகை. தவறில்லை.

இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. சர்க்கரை நோயாளி ஒருவர் மாதம் முழுக்க ஜாங்கிரியும் பாயசமுமாக இருந்துவிட்டு, ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் கஞ்சியோடு நிறுத்திக்கொள்கிறார். வெறும் வயிற்றுச் சர்க்கரை ஓரளவு இறங்கியிருக்கிறது. 'கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது' என்று நிம்மதியாகிறார். இது முதல் பொருள். (எச்பிஏ1சி பரிசோதனையிடம் இந்த வித்தை பலிக்காது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதில் படிந்த சர்க்கரையை அளந்து இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லிவிடும்.) தவறு என்று நன்றாகத் தெரிந்தும், மேலதிகாரிக்குப் பயந்து கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர் செய்வது இரண்டாவது. இவர் எதையும் நம்பி ஏமாறவில்லை.

'தன்நெஞ் சறிவது பொய்யற்க பொய்த்தபின்
தன்நெஞ்சே தன்னைச் சுடும்' (293)

இந்தக் குறளை ஆத்மவஞ்சனைக்கு மேற்கோளாகக் காட்டுவார்கள். கையெழுத்துப் போட்டவருக்கு அது பொருந்தும். ஜாங்கிரிக்காரருக்குப் பொருந்தாது, அவர் நெஞ்சு சுடுவதே இல்லை, அதைத் தாலாட்டித் தூங்கவைத்துவிட்டார். எழுதும்போது எந்தப் பொருள் என்று ஐயம் வருமானால் இரண்டாவதற்கு 'மனசாட்சியை விற்றார்', 'மனசாட்சிக்கு விரோதமாக நடந்தார்' என்றே எழுதிவிடுங்கள்.

'ஆத்மவஞ்சனைக்கு ஆளானார்' என்று எழுதாதீர்கள். ஆளாவது என்றால் செய்தவர் வேறு யாரோ என்றாகிவிடும். 'ஆத்மவஞ்சனை செய்துகொண்டார்' என்பதே சரி.

கேள்வி: மனப்பால் குடிப்பது, 'சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்', 'மீசையில் மண் ஒட்டவில்லை' – மூன்றும் ஆத்மவஞ்சனைதானா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: பழம் புளிப்பது மட்டும் அசல் ஆத்மவஞ்சனை. எட்டவில்லை என்ற உண்மையை, வேண்டாம் என்று தனக்கே மாற்றிச் சொல்லிக்கொள்வது அது. மீசைக்காரர் சமாளிப்பது ஊராரிடம். விழுந்தது அவருக்கு நன்றாகவே தெரியும். மனப்பால் நடக்காத ஒன்றை நடக்கும் என்று எண்ணிக் களிப்பது. அறியாமையாலும் மனப்பால் குடிக்கலாம். தெரிந்த உண்மையை மறைத்தால்தான் வஞ்சனை.

கேள்வி: இதற்கு நல்ல தமிழில் 'தற்ஏமாற்று' என்று எழுதலாமா?
– கல்லூரி மாணவி, மதுரை

பதில்: கூடாது. 'தன்' என்பதன் ஈறு 'ற்' ஆவது வல்லினம் வரும்போதுதான்: தற்காப்பு, தற்சார்பு, தற்பெருமை. உயிரெழுத்து வந்தால் ஒற்று இரட்டிக்கும்: தன்னாட்சி, தன்னார்வம். அந்தக் கணக்கில் 'தன்னேமாற்று' என்று வரவேண்டும்; இலக்கணம் ஒத்துக்கொள்ளும், காது ஒத்துக்கொள்ளாது. பெயர்ச்சொல்தான் வேண்டும் என்றால் 'தன்வஞ்சனை' எழுதுங்கள். தன்வினை, தன்வரலாறு போல 'வ' முன் மாற்றமில்லை. 'தற்வஞ்சனை' பிழை.

என்னைக் கேட்டால் வினையாகவே எழுதுவது மேல். 'ஏமாற்றிக்கொள்' என்பதில் உள்ள 'கொள்' பாதி வேலையைச் செய்துவிடுகிறது. ஆனால் இடம் பார்த்து மாற்றவேண்டும்: என்னை நானே, உன்னை நீயே, நம்மை நாமே, தங்களைத் தாங்களே. மொழிபெயர்ப்புகளில் 'நான் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டேன்' என்று தட்டுப்படுகிறது, தவறு. 'அவர்' என்று மரியாதையாகத் தொடங்கினால் 'தம்மைத் தாமே' என்று முடிப்பது எழுத்து வழக்கு. பேச்சில் 'தன்னைத்தானே' என்றாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.