நடுவில் ஒன்பது மாதம்

அன்புள்ள ஐயா,
அன்று பிரான்சுக்கு மேற்கே தனி நாடாக இருந்த பிரிட்டனியின் ஆன் பற்றி எழுதும்போது ‘நாட்டை ஆண்ட கோமகள்’ என்கிறீர்கள். 11 வயதில் பட்டம். 14 வயதில் படையெடுத்து வந்தவனுக்கே மனைவி. அவன் செத்ததும் அடுத்த ராஜாவுக்கு மனைவி. நிலத்தோடு சேர்த்துக் கைமாறிய பெண். இதில் எங்கே ஆண்டார்?
– க., மதுரை

அன்புள்ள க.,

முதல் பாதி நீங்கள் சொல்வதுபோலத்தான். 1490-இல் ரென் நகரில் ஆனுக்கும் ஆஸ்திரியாவின் மாக்சிமிலியனுக்கும் கல்யாணம். மாப்பிள்ளை வரவில்லை. பதிலுக்கு வந்த தூதர் ஒரு காலை மட்டும் வெறுங்காலாக்கி மணமகளின் படுக்கையில் வைத்தார், சடங்கு முடிந்தது. மறு வருஷம் பிரெஞ்சுப் படை ரென்னை முற்றுகையிட்டபோதும் மாக்சிமிலியன் வரவில்லை. டிசம்பரில் லான்ஜே கோட்டையில் பிரெஞ்சு அரசர் எட்டாம் சார்ல்ஸை மணந்தார் ஆன். சார்ல்ஸுக்கு நிச்சயித்திருந்த பெண் யார் தெரியுமா? மாக்சிமிலியனின் மகள். ஒரே கல்யாணத்தில் மனிதருக்கு மனைவியும் போச்சு, மருமகனும் போச்சு.

சார்ல்ஸ் பிரிட்டனியின் சான்சலரியை, அதாவது கோமகள் பெயரில் ஆணை எழுதி முத்திரையிடும் அலுவலகத்தை, மூடிவிட்டார். தான் வாரிசில்லாமல் இறந்தால் அடுத்த பிரெஞ்சு அரசரைத்தான் ஆன் கட்டவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே ஷரத்து.

1498 ஏப்ரல் 7. அம்புவாஸ் கோட்டையில் பந்தாட்டம் பார்க்கப் போன சார்ல்ஸ், தாழ்வான வாசல் ஒன்றில் தலையை இடித்துக்கொண்டு சில மணி நேரத்தில் இறந்துபோனார். பிறந்த பிள்ளைகள் ஒன்றும் தங்கவில்லை. 21 வயது விதவை என்ன செய்தார்? சில நாட்களுக்குள் சான்சலரியைத் திறந்தார். அப்புறம் தன் பெயரில் பொன் நாணயம் அடித்தார். அதில் சிம்மாசனத்தில் ஆன், கையில் வாள், கூடவே 1498 என்று வருஷம். பிரிட்டனிக்குத் திரும்பி, தானே நிர்வாகம் நடத்தினார். நான் ஆட்சி என்றது இந்த ஒன்பது மாதத்தை.

ஷரத்து ஷரத்துதான். அடுத்த பிரெஞ்சு அரசர் பன்னிரண்டாம் லூயி முதல் மனைவியை விலக்கிவிட்டு வந்தார். ஆனால் 1499 ஜனவரியில் கல்யாணம் நடந்தது ஆன் பிறந்த நாந்த் நகரில். இந்த முறை ஒப்பந்தம் வேறு மாதிரி: பிரிட்டனி மூத்த மகனுக்குப் போகாது, இரண்டாவது பிள்ளைக்கு. பிரெஞ்சு முடியும் பிரிட்டனியும் ஒரே தலையில் சேரக்கூடாது என்ற கணக்கு. கைமாறும் பொருள் இப்படி ஷரத்து எழுதுமா?

கணக்கு பலிக்கவில்லை, அது வேறு விஷயம். மூத்த மகள் க்ளோதை மாக்சிமிலியனின் பேரனுக்குக் கொடுக்க ஆன் பாடுபட்டார். லூயி அதை முறித்தார். 1514 ஜனவரியில் ஆன் இறந்தார். மே மாதமே க்ளோதுக்கும் அடுத்து பிரெஞ்சு அரசராகப்போகும் பிரான்சுவாவுக்கும் கல்யாணம். இரண்டாவது மகள் ரெனேவுக்குப் பிரிட்டனி கிடைக்கவே இல்லை.